ஆமாஞ்சாமி

அந்தப் பெயரை வைத்தவள் சின்னவள்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், தூங்கி எழுந்த தன் அக்கா மகனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "ஏண்டா, உங்கப்பாவுக்குத் தொப்பை போட்டிருச்சா?" என்று கேட்டாள். ஏழு மாதம் தாண்டியிருந்த பிள்ளை தலையைப் பொத்தென்று முன்னால் சாய்த்து நிமிர்ந்தான். "உங்கம்மா போடுற காப்பி கழனித்தண்ணியா?" அதற்கும் ஒரு ஆட்டு. "சித்தி நல்லவளா?" அதற்கும். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எதக் கேட்டாலும் ஆமாங்குறான் மாமா! இவன் எந்த ஆபீஸுக்குப் போனாலும் பொழச்சுக்குவான். சரியான ஆமாஞ்சாமி!" என்றாள் சின்னவள்.

பிள்ளையின் அப்பா அதை போனில் படம் பிடித்தார். சிமெண்ட் கலவை லாரி ஓட்டுகிற ஆள். சின்னவளுக்கும் தன்னோடு ஓட்டுகிற பத்துப் பேருக்கும் அனுப்பினார். அன்றிலிருந்து பிள்ளைக்கு அதுதான் பெயர். முறையாக வைத்த பெயர் பிறப்புச் சான்றிதழோடு பெட்டிக்குள் கிடந்தது.

சின்னவள் குழந்தைகள் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள். அதையும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. இரண்டே அறை, குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஈரத்துணி. பெரியவள் அடுப்படியில் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் வாரம் ஆறு நாள் படுக்கை விரிப்பு மடிக்கிற கை அது. ஏழாவது நாளும் சும்மா கிடக்காது. லாரிக்காரர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். சின்னவள் குளியலறை வாசலில் குந்தி, மறுநாள் டியூட்டிக்கு வெள்ளை ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை கண் விழித்தான். அழவில்லை. ஒருக்களித்துச் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு தலை முன்னால் விழுந்தது. நிமிர்ந்தது. மறுபடி விழுந்தது.

சின்னவளுக்குச் சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லையே.

பெரியவள் அடுப்படியில் இருக்கிறாள். மாமா குறட்டை விடுகிறார். எதிரே வெறும் சுவர். அந்தச் சுவருக்குப் பிள்ளை ஆமா சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையும் தோளோடு விசுக்கென்று முன்னால் விரிந்தன, முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கியது. விட்டது. ஆறு ஏழு விநாடி கழித்து மறுபடியும். அளந்து வைத்தமாதிரி. கையில் பிரஷ்ஷோடு அவள் எண்ணினாள். பதினெட்டு. பதினெட்டாவது முடிந்ததும் பிள்ளை வீறிட்டான். பசி அழுகை அவளுக்குத் தெரியும், தூக்க அழுகை தெரியும். இது எதிலும் சேராத அழுகை. யாரோ தன்னைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனமாதிரி ஒரு அழுகை.

"எழுந்துட்டானா எங்க ஆமாஞ்சாமி? சாப்பிடலாமாடா?" என்று அடுப்படியிலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள்.

சின்னவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

புத்தகத்தில் இது இருந்தது. ஒன்றரைப் பக்கம். தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாக வந்தது, நாலரை வாங்கினாள். அந்த நாலரை மார்க்கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கைதட்டிச் சிரித்திருக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கி மடியில் உட்காரவைத்தாள். முதுகு துணிமூட்டையாகத் துவண்டது. எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் கண்ணெதிரே ஆட்டினாள். பார்வை வந்தது, ஆனால் நிற்கவில்லை. கரண்டியைத் துண்டுக்கு அடியில் பாதி மறைத்தாள். ஆறாவது மாதத்தில் இதே கரண்டியை இதே துண்டுக்கு அடியிலிருந்து இழுத்து வாயில் வைத்தவன் அவன். மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று ஒரு குழந்தை எந்த மாதத்தில் கண்டுபிடிக்கும் என்று ஒரு அறிஞர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். கண்டுபிடித்ததை ஒரு குழந்தை மறந்தால் அது எந்த மாதம் என்று அந்த அத்தியாயத்தில் இல்லை. அதில் எல்லாப் பிள்ளைகளும் படியேறிக்கொண்டே இருந்தார்கள். சீக்கிரம் ஏறுகிறவன், மெதுவாக ஏறுகிறவன். இறங்குகிறவன் யாரும் இல்லை.

பாடம் எடுத்த டீச்சர் மட்டும் ஒருநாள், புத்தகத்தை மூடிவிட்டுப் போகிறபோக்கில் சொன்னார்: "மெதுவா வளர்ற பிள்ளைக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு. வந்தது போற பிள்ளைக்கு இன்னிக்கு மட்டும்தான்." யாரும் குறிப்பெடுக்கவில்லை. தேர்வுக்கு வராத விஷயம்.

"அக்கா."

"என்னடி?"

"இவன் சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

பெரியவள் கையில் பாதி உரித்த கிழங்கோடு வந்து நின்றாள். "என்ன கேள்வி இது? நேத்துக்கூட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "முந்தாநாள் நான் வேலை விட்டு வந்தப்போ..." அதையும் முடிக்கவில்லை. கிழங்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"சளி புடிச்சிருக்குல்ல, அதான் உம்முன்னு இருக்கான்," என்றாள் கடைசியில்.

"சளி இல்லக்கா. இந்தத் தலையாட்டுறது... இது வலிப்புன்னு நெனக்கிறேன்."

"வாயக் கழுவு!"

சத்தத்தில் லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "என்ன, அக்கா தங்கச்சி யுத்தமா? யாரு பக்கம் நிக்கணும்னு சொல்லுங்க, நின்னுக்குறேன்."

"உங்க கொழுந்தியா உங்க புள்ளைக்கு வலிப்புங்குறா."

"வலிப்புன்னா கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில நுரை தள்ளும். எங்க கிளீனர் ஒருத்தனுக்கு வந்து நானே பாத்திருக்கேன். இவன் தலையத்தானே ஆட்டுறான் சிஸ்டரம்மா."

"சின்னப் பிள்ளைக்கு வேற மாதிரி வரும் மாமா. இப்படித்தான் வரும். தூங்கி எழுந்ததும், வரிசையா."

"அப்ப மூணு வாரமா நீ எங்க போயிருந்த?" பெரியவள் கிழங்கைப் பாத்திரத்தில் எறிந்தாள். "பேரு வச்சது நீ. கேள்வி கேட்டுக் கேட்டுச் சிரிச்சது நீ. போன திங்கக்கிழமை அட்டையில எல்லாம் சரியா இருக்குன்னு டிக் போட்டது நீ. இன்னிக்கு வந்து வலிப்புங்குற? நான் பத்தாவதோட நின்னவதான், சரி. நான் நின்னதாலதான் நீ படிச்ச. அதுக்காக உனக்குத் தோணுறப்பெல்லாம் என் புள்ளை மேல ஒரு நோயத் தூக்கி ஒட்டுவியா?"

அந்த அட்டையைப் பற்றி அக்கா சொன்னது உண்மை.

சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. மாதவாரியாகக் கட்டங்கள். கழுத்து நிற்கிறதா, புரளுகிறதா, உட்காருகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா. பிள்ளையைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, மணியாட்டிப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. முறையாகச் செய்தால் பிள்ளைக்கு இருபது நிமிஷம். திங்கட்கிழமை வருவது அறுபது பிள்ளை; இருப்பது இரண்டு நர்ஸ். கணக்குப் போட்டுப் பார்க்க எந்த மேலதிகாரிக்கும் நேரமில்லை. அதனால் அங்கே எல்லோரும் கேட்டு எழுதுவார்கள். "கழுத்து நிக்குதா?" "நிக்குதுங்க." டிக். "உக்காருறானா?" "உக்காருவான்." டிக். ஆய்வுக்கு வருகிறவர்கள் காலிக் கட்டங்களைத்தான் எண்ணுவார்கள், பிள்ளைகளை அல்ல. தலைமை நர்ஸ் ஒரு கட்டத்தைக் காலியாகப் பார்த்தால் பேய் பார்த்தமாதிரி கத்துவார். இளையவர்கள் அவருக்கு வைத்த பெயர் கட்டம்மா.

அக்கா பிள்ளைக்கு அந்தக் கேள்விகூட வரிசையில் நின்று கேட்கப்படவில்லை. சொந்தக்கார நர்ஸ் இருக்கும்போது அறுபது பேரோடு எதற்கு நிற்க வேண்டும்? சின்னவள் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போன திங்கட்கிழமை சாயங்காலம் அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு, "உக்காருறானா?" என்றாள். "தலகாணி வச்சா உக்காருவான், எழுதிக்கோ," என்றாள் பெரியவள். "சிரிக்கிறானா?" "ஆமாஞ்சாமி சிரிக்காமயா? எழுதிக்கோ." பிள்ளை அடுத்த அறையில் இருந்தான். ஆறு அடி தூரம். சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு அவளுக்கு இருந்த காரணம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் சின்னவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பகலில் பெரியவள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டுத் தையல்காரம்மா. திரைச்சீலை தைக்கிற மெஷின், அதன் காலடியில் ஒரு தொட்டி, வேலை நாளென்றால் தொட்டிக்குள் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, பிள்ளை தலையாட்டுறத நீங்க பாத்திருக்கீங்களா?"

மெஷின் நின்றது. தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நிமிரவில்லை.

"ஏன், உங்கக்கா ஏதாச்சும் சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான் கேக்குறேன்."

"நான் ஒழுங்காத்தான் பாத்துக்குறேன். கீழ போட்டதில்ல, தட்டுனதில்ல..."

"அத்தை, உங்கமேல யாரும் குத்தம் சொல்ல வரல. எத்தனை தடவை வருது?"

தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். இவ்வளவு நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தமாதிரி மடமடவென்று சொன்னார். "காலையில தூங்கி எழுந்தா ஒரு வாட்டி. மத்தியானம் ஒரு வாட்டி. ரெண்டு நாளா மூணாவதும் வருது. மொதல்ல நாலஞ்சு ஆட்டு ஆட்டுவான், அதோட சரி. இப்ப நான் ஒரு திரைச்சீலைக்கு முழுசா ஓரம் அடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆட்டுறான். அப்புறம் அழுவான். அழுது முடிச்சதும் ஒரு பார்வை பாப்பான் பாரு... என்னைத் தெரியாத மாதிரி."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எல்லாரும் சிரிச்சு வெளையாடுறீங்க. நீ படிச்ச பொண்ணு, நீயே சிரிக்கிற. நர்ஸே சிரிக்கிறா, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன். சொன்னா, உன் கிட்ட விட்டதாலதான் இப்படி ஆச்சும்பீங்க. புள்ளைய வேற எடத்துல விட்டுருவீங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்தப் புள்ள பழகிப்போச்சும்மா."

சின்னவள் வீடு திரும்பி, யாருக்கும் தெரியாமல் தன் போனை எடுத்து மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தப் படத்தைப் போட்டாள். "சித்தி நல்லவளா?" என்று அவளுடைய குரலே கேட்டது. பின்னாலேயே அவளுடைய சிரிப்பு. அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அழித்துவிட்டாள்.

நர்ஸாக இருந்துகொண்டு செய்யக் கூடாத இன்னொரு காரியம் அது. மறுநாள் காலையில்தான் அது அவளுக்கு உறைத்தது.

ஏனென்றால் காலையில் பிள்ளை எழும் நேரத்துக்கு போனைக் கையில் பிடித்துக்கொண்டு பாயருகே உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவளும் வேலைக்குக் கிளம்பாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"வரணும்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

இரண்டு பேரும் அவன் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராமல் இருக்க வேண்டும் என்று ஒருத்தி. வந்து தொலையேன் என்று ஒருத்தி. உண்மையில் இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தாள் சின்னவள். பிள்ளை கண் விழித்தான். கூரையைப் பார்த்தான். கையைப் பிசைந்தான். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"பாத்தியா?" பெரியவளுக்குக் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "ஒண்ணுமில்ல. பாத்தியா, ஒண்ணுமே இல்ல!"

"சிரிக்க வை, அக்கா."

"என்னது?"

"அவனச் சிரிக்க வை. சிரிச்சான்னா நான் டியூட்டிக்குப் போறேன், நீ வேலைக்குப் போ. இதப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

பெரியவள் குனிந்தாள். வயிற்றில் வாய் வைத்து ஊதினாள். முகத்தை மூடித் திறந்தாள். நாக்கைத் துருத்தினாள், பூனையாகக் கத்தினாள், உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள். பிள்ளை அம்மாவைத் தாண்டிக் கொடியில் தொங்கிய ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வருஷத்தில் ஒரு குழந்தை கற்கவேண்டிய பெரிய பாடம் நம்பிக்கை என்று புத்தகம் சொன்னது: அழைத்தால் யாராவது வருவார்கள். அம்மா அழைத்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை, பிள்ளை.

பெரியவள் எழுந்தாள். துண்டை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினாள்.

"கிளம்பு," என்றாள்.

சுகாதார நிலையத்தில் ஈரக்குடைகளும் அழுகையுமாகத் தாழ்வாரம் நிறைந்திருந்தது. சின்னவள் வரிசையை மீறி டாக்டர் அறைக்குள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு அம்மா, "நர்ஸுன்னா தனி வழியோ?" என்று சத்தம் போட்டாள். நியாயமான சத்தம்தான். வேறு நாளாக இருந்தால் சின்னவளும் அதையே போட்டிருப்பாள்.

டாக்டர் நல்ல மனுஷர். காலை ஒன்பது மணிக்கே களைத்திருந்தார். பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்த்தார், முட்டியைத் தட்டினார், கண்ணில் விளக்கடித்தார். பிள்ளை சாதுவாகக் கிடந்தான். பக்கத்தில் அடுத்த அட்டைகளை அடுக்கிக்கொண்டு கட்டம்மா நின்றார்.

"கொஞ்சம் சோர்வா இருக்கான்," என்றார் டாக்டர். மஞ்சள் அட்டையைப் புரட்டினார். "ஆனா எட்டு மாசக் கட்டம் வரைக்கும் எல்லாம் சரியா இருக்கே. போன வாரம்தான் போட்டிருக்கு. உக்காருறான், சிரிக்கிறான், சத்தத்துக்குத் திரும்புறான். யாரு போட்டது, நீங்களா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன சிஸ்டர்? வளர்ச்சி ஒழுங்கா இருக்குற பிள்ளை வயித்து உப்புசத்துல இப்படி வளைஞ்சு கொடுக்குறதுண்டு. சொந்தப் பிள்ளைன்னா நமக்கெல்லாம் பயம் ஒரு படி தூக்கலாத்தான் இருக்கும். மருந்து எழுதுறேன். ஒரு மாசம் பாப்போம்."

"நாப்பது பேர் வெளியில நிக்கிறாங்க சார்," என்றார் கட்டம்மா.

ஒரு மாதம். சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்குப் பதினெட்டு. ஒவ்வொன்றும் உள்ளே எதையோ அழித்துக்கொண்டு போகிறது. கரண்டி போயிற்று. சிரிப்பு போயிற்று. அடுத்து என்ன, அம்மா முகமா?

"சார், அந்த டிக் பொய்."

"என்ன?"

"நான் பாத்துப் போடல. அடுப்படி வாசல்ல நின்னு எங்கக்காவக் கேட்டுப் போட்டேன். பிள்ளைய நான் தொடக்கூட இல்ல."

"பதட்டத்துல உளறுறா சார்," என்று கட்டம்மா அவள் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுகியது. "நீ வெளிய வா."

சின்னவள் கையை உதறினாள். "எதுக்கு வரணும்? இவன் அட்டை மட்டுமில்ல சார். அந்த மேசை மேல கிடக்குறதுல பாதி இப்படித்தான். நான் போட்டது, இவங்க போடச் சொன்னது. காலிக் கட்டம் இருந்தாத் திட்டு. கட்டம் நெறஞ்சிருந்தா பிள்ளை எப்படி இருக்குன்னு யாருக்கும் கவலையில்ல. அந்த அட்டைய நம்பாதீங்க. என் கையெழுத்தை நம்பாதீங்க. இவனப் பாருங்க."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். போன திங்கட்கிழமை "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று சொன்னவள் அவள். தான் சொல்லச் சொல்ல, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள் என்று நம்பியவள்.

டாக்டர் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். "சரி. அப்ப நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். பதினெட்டு, ஆறேழு விநாடி இடைவெளி, தூங்கி எழுந்ததும், கை விரியும், முழங்கால் மடங்கும், பிறகு அழுகை, ஆறாவது மாதத்தில் எடுத்த கரண்டியை எட்டாவது மாதத்தில் எடுக்கவில்லை. தையல்காரம்மாவின் திரைச்சீலைக் கணக்கையும் சொன்னாள்.

"வர்றப்ப எடுத்த படம் இருக்கா?"

"இருந்துச்சு சார். நேத்து... அழிச்சிட்டேன்."

"ஏன்?" என்று கேட்டது டாக்டர் இல்லை, பெரியவள்.

சின்னவள் போனை எடுத்தாள். "மாமா, எங்க இருக்கீங்க? அந்த ஆமாஞ்சாமி படம் உங்ககிட்ட இருக்குல்ல? இப்பவே அனுப்புங்க. கேள்வி கேக்காதீங்க மாமா, அனுப்புங்க."

அரை நிமிஷத்தில் வந்தது. அறையில் நான்கு பேர் கேட்க அவளுடைய குரல் ஒலித்தது. உங்கப்பாவுக்குத் தொப்பை போட்டிருச்சா? வீட்டுச் சிரிப்பு. உங்கம்மா போடுற காப்பி கழனித்தண்ணியா? சிரிப்பு. சித்தி நல்லவளா? டாக்டரின் உதட்டோரம்கூட ஒரு கணம் நெளிந்தது. அந்தப் படம் அப்படிப்பட்டது. யார் பார்த்தாலும் சிரிப்பார்கள்.

பிறகு அவர் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார்.

சத்தம் இல்லாதபோது கேள்விகள் இல்லை. பதில்களும் இல்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் இருந்தான். எதுவோ அவன் பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளியது, விட்டது, தள்ளியது, விட்டது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வாரமாகத் தினமும் பார்த்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"இது வலிப்புதான்," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். மூளை அலை பதிஞ்சு பாக்கணும், இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும். நான் பேசிடுறேன், நேரா உள்ள போங்க."

"மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்திருந்தா சார்?" என்றாள் பெரியவள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து நிமிரவில்லை. "இப்ப வந்துட்டீங்கல்ல."

அந்தப் பதிலுக்கு அர்த்தம் என்னவென்று சின்னவளுக்குத் தெரியும். அவளும் அதை எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. வாசலில் நின்று என்ன செய்வது என்று பார்ப்பதற்குள் தெருமுனையில் கலவை லாரி திரும்பியது. பின்னால் உருளை சுழன்றுகொண்டிருந்தது. குடைகள் இருபக்கமும் ஒதுங்கின.

"லோடோடயா வந்தீங்க மாமா?"

"இறக்குற நேரமா இது? கலவை இறுகிப்போனா நாளைக்கு நானே உள்ள எறங்கிக் கொத்திக்குறேன்." லாரிக்காரர் கதவைத் தள்ளித் திறந்தார். "உன் குரலக் கேட்டதுமே வண்டியத் திருப்பிட்டேன். ஏறுங்க."

மூன்று பேரும் ஒரு பிள்ளையுமாக முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். டீசல் வாடை, ஈர சிமெண்ட் வாடை. முதுகுக்குப் பின்னால் உருளை கரகரவென்று அரைத்துக்கொண்டே வந்தது. ஆட்டத்தில் பிள்ளை தூங்கிப்போனான். லாரிக்காரர் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, முட்டை ஏற்றியவர் மாதிரி ஓட்டினார். தூங்கட்டும் என்று மூன்று பேருமே நினைத்தார்கள். விழித்தால் என்ன வரும் என்று மூன்று பேருக்குமே இப்போது தெரியும்.

பாலத்தின் மேல் ஏறும்போது பிள்ளை கண்ணைத் திறந்தான்.

தலை முன்னால் விழுந்தது.

லாரிக்காரரின் வாய், மூன்று வாரப் பழக்கத்தில், எதையோ கேட்கத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

சின்னவள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுத வேறு ஒன்றும் இல்லை. மடியில் இருந்த மஞ்சள் அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் நேரத்தை எழுதினாள்.

"ஒண்ணு," என்றாள் பெரியவள். பிள்ளையின் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். "ரெண்டு." சலவைக்கூடத்தில் விரிப்பு எண்ணுகிற குரல் அது. ஏறாமல் இறங்காமல், எந்தச் சத்தத்திலும் தடுமாறாத குரல். "மூணு." ஒவ்வொரு எண்ணுக்கும் சின்னவள் ஒரு கோடு போட்டாள். அட்டையைப் பார்க்காமல் போட்டாள்; கண்ணைப் பிள்ளையிடமிருந்து எடுக்கவில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கோணலாக விழுந்தன. பதினெட்டு தாண்டியது. இருபது தாண்டியது. பாலம் முடிந்தும் அது முடியவில்லை.

"இருபத்தி நாலு."

பிறகு அந்த அழுகை வந்தது. பெரியவள் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, குரலில் அது இல்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்கா."

"பாத்து எழுதினியா, நான் சொல்லக் கேட்டு எழுதினியா?"

"பாத்துக்கா," என்றாள் சின்னவள். "பாத்துத்தான்."